எந்த மொழியில் எழுதுவது?

இன்று ஒரு சங்கமாயினும் சபையாயினும், பள்ளிக்கூடமாயினும் வைத்தியசாலையாயினும், நகரசபையாயினும் கூட்டுறவுப் பண்டகசாலையாயினும், தனக்கென்று ஒரு வலைத்தளம் இல்லாமல் காரியம் நடத்துவது அரிதாகிவிட்டது. வெறும் அறிவிப்புப் பலகையாக நிற்கும் தளங்களைப் பற்றி நாம் இங்கே பேசவில்லை. அங்கத்தினர் சந்தா கட்டவும், நோயாளி முறைச்சீட்டுப் பெறவும், வரி செலுத்தியவர் ரசீது எடுக்கவும், மனுச் செய்தவர் தம் மனு எந்த மேஜையில் கிடக்கின்றது என்று பார்க்கவும் உதவுகின்ற, வேலை செய்யும் தளங்களையே குறிக்கின்றோம். இவை ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு கணினி மொழியில் எழுதப்பட்டவை. ஏதேனும் ஒரு சட்டகத்தின்மேல் கட்டப்பட்டவை. எந்த மொழி, எந்தச் சட்டகம் என்னும் கேள்வி, முதல் வரி எழுதப்படுவதற்கு முன்னரே எழுந்துவிடுகின்றது.

இக்கேள்விக்கு விடை காணும் முறையோ விந்தையானது. தளத்தின் நிறம் என்ன, முத்திரை எங்கே இருக்க வேண்டும் என்பன பற்றி நிர்வாகக் கமிட்டிகள் மணிக்கணக்கில் விவாதிக்கும். எந்த மொழியில் எழுதுவது என்ற விஷயம் வந்தவுடன், “அது கம்ப்யூட்டர்காரர் விஷயம்” என்று சொல்லி ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிடும். ஒப்பந்தக்காரரோ தமக்குப் பழக்கமானதைச் சொல்லுவார். அல்லது அந்த வருஷத்தில் யாவரும் புகழ்ந்து பேசுவதைச் சொல்லுவார். கையெழுத்தாகிவிடும். ஐந்து வருஷம் கழித்து, அத்தளத்தில் ஒரு சிறு மாறுதல் செய்ய வேண்டி வருங்கால், எழுதியவர் வேறு ஊர் போயிருப்பார், சட்டகம் கைவிடப்பட்டிருக்கும், திருத்துவதைவிடப் புதிதாக எழுதுவதே மேல் என்று புதியவர் ஒருவர் வந்து சொல்லுவார். பொதுப் பணம் இரண்டாம் முறை செலவாகும்.

இவ்விஷயத்தில் நமது அபிப்பிராயம் இதுதான்: மொழியைத் தேர்ந்தெடுப்பது என்பது, உண்மையில், அடுத்த பத்தாண்டுகளுக்கு யாரைச் சார்ந்திருப்பது என்று தேர்ந்தெடுப்பதாகும். ஆதலின் இது தொழிலாளர் விஷயம் மட்டுமன்று. பணம் கொடுப்போரும் பொறுப்பேற்போரும் அறிந்து முடிவு செய்ய வேண்டிய விஷயமுமாகும். அதற்குக் கணிதப் புலமை வேண்டுவதில்லை. சில கேள்விகளைக் கேட்கத் தெரிந்திருந்தால் போதும்.

மொழியும் சட்டகமும்

கணினிக்கு மனிதர் இடும் கட்டளைகளை எழுதும் முறைக்கே கணினி மொழி என்று பெயர். பி.எச்.பி., பைதான், ரூபி, ஜாவா, சி ஷார்ப், ஜாவாஸ்கிரிப்ட் என்பன வலைத்தள வேலையில் பெருவழக்காக உள்ளவை. தொழிலில் உள்ளோர் ஃபிரேம்வொர்க் என்று அழைப்பதையே நாம் சட்டகம் என்கின்றோம். எல்லாத் தளங்களுக்கும் பொதுவான வேலைகள் சில உண்டு. வந்தவர் யார் என்று அடையாளங் காண்பது, படிவத்தில் நிரப்பியதைச் சரிபார்ப்பது, தரவுத்தளத்தில் பதிவது, கேட்டதை எடுத்துப் பக்கமாக அடுக்கிக் கொடுப்பது, கள்ளத்தனமாக நுழைவோரைத் தடுப்பது முதலியன. இவற்றை ஒவ்வொருவரும் புதிதாக எழுதிக்கொண்டிராதபடி முன்னரே எழுதி வைத்திருக்கும் தொகுதியே சட்டகம். தூணும் உத்தரமும் கூரையும் நிறுத்திக் கொடுத்துவிட்டால், வீட்டுக்காரர் சுவர்களையும் அறைகளையும் மட்டும் தம் தேவைக்கேற்ப அமைத்துக்கொள்ளலாமன்றோ? அதுபோலவே இதுவும். பி.எச்.பி. மொழிக்கு லாரவெல், பைதானுக்கு ஜாங்கோ, ரூபிக்கு ரெயில்ஸ், ஜாவாவுக்கு ஸ்பிரிங் என இன்று பேர்பெற்ற சட்டகங்கள் பல.

வலைத்தளத்துக்கு இரண்டு பக்கங்கள் உண்டு. படிப்பவரின் கைபேசியிலோ கணினியிலோ உலாவிக்குள் ஓடுவது ஒன்று. தூரத்திலுள்ள சர்வரில் ஓடுவது மற்றொன்று. முன்னதில் மொழியைத் தேர்வதற்கு அதிக இடமில்லை. 1995-ஆம் ஆண்டு மே மாதத்தில் நெட்ஸ்கேப் கம்பெனியில் பிரெண்டன் ஐக் என்பவர் பத்தே நாட்களில் வரைந்து கொடுத்த ஜாவாஸ்கிரிப்ட் மொழியே எல்லா உலாவிகளிலும் நிலைபெற்றுவிட்டது. அவசரத்தில் நேர்ந்த கோணல்கள் சில அம்மொழியில் இன்றும் இருக்கின்றன. அவற்றை நிமிர்த்தப் புகுந்தால் பழைய தளங்கள் உடைந்துவிடும் என்பதால் ஒருவரும் கை வைப்பதில்லை. பத்து நாள் வேலை முப்பது வருஷமாக உலகத்தை ஆளுகின்றது. முதல் தேர்வின் ஆயுள் எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? ஆயினும் ஓர் ஆறுதல் உண்டு. 1997 முதல் அம்மொழியின் இலக்கணம் பொதுத் தரமாக வகுக்கப்பட்டு வருகின்றது. ஆதலால் அது ஒரு கம்பெனியின் தனிச்சொத்தாக இல்லை.

சர்வர் பக்கத்திலேதான் தேர்வு முழுவதும் நம் கையில் இருக்கின்றது. குழப்பமும் அங்கேதான்.

வேகம் என்னும் மயக்கம்

எந்த மொழி வேகமானது என்பதே பெரும்பாலோர் முதலில் கேட்கும் கேள்வி. இதற்கு ட்விட்டரின் கதையை மேற்கோளாகக் காட்டுவார்கள். 2006-இல் தோன்றிய ட்விட்டர், ரூபி மொழியின் ரெயில்ஸ் சட்டகத்தின்மேல் எழுதப்பட்டது. கூட்டம் பெருகியது. 2010-ஆம் ஆண்டு உலகக் கோப்பைக் கால்பந்துப் பந்தயங்களின்போது தளம் அடிக்கடி படுத்துக்கொண்டது. செய்திக்குப் பதிலாக ஒரு திமிங்கிலத்தின் படமே ஜனங்களுக்குக் காட்சியளித்தது. பின்னர் அவர்கள் வேலையின் கனமான பகுதிகளை ஜாவா, ஸ்காலா மொழிகளுக்கு மாற்றினார்கள். 2013 ஆகஸ்டில், ஜப்பானில் ஒரு சித்திரப்படம் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட இரவில், ஒரே விநாடியில் 1,43,199 செய்திகள் வந்து விழுந்தபோதும் தளம் அசையவில்லை.

இதைக் கேட்டுவிட்டு, “ஆகவே ரூபி ஆகாது” என்று முடிவு கட்டுவோர் பலர். அவ்வாறன்று. சிலரே கூடிச் சில வாரங்களில் ஒரு தளத்தைக் கட்டி, ஜனங்களுக்கு அது வேண்டுமா வேண்டாமா என்று பார்ப்பதற்கு ரெயில்ஸ் உதவியிராவிட்டால், பிற்காலத்தில் மாற்றுவதற்கு ட்விட்டர் என்ற ஒன்றே இருந்திராது. மேலும், நிரலாளர் யாவரும் அறிந்த கிட்ஹப் தளமும், கடைக்காரர் பலர் பயன்படுத்தும் ஷாப்பிஃபையும் அதே ரெயில்ஸின்மேல் நின்றுகொண்டு இன்றளவும் பெருங்கூட்டத்தைச் சமாளித்து வருகின்றன. சாமானியமான ஒரு தளத்தில், பக்கம் ஒன்று வந்து சேரும் நேரத்தில் பெரும்பகுதி தரவுத்தளத்தில் தேடுவதிலும் கம்பி வழியே பயணஞ் செய்வதிலுமே கழிகின்றது. மொழியின் வேகம் அதில் ஒரு சிறு பங்கேயாகும். பத்தாயிரம் அங்கத்தினர் உள்ள சங்கம், விநாடிக்கு லட்சம் செய்தி வாங்கும் கம்பெனியைப் பார்த்துத் தன் மொழியைத் தேர்ந்தெடுப்பது, வண்டிப் பாதை போடப் புறப்பட்டவன் விமானத் தளத்துக்கு அளவெடுத்த கதையாக முடியும்.

விக்கிப்பீடியாவின் அனுபவம்

அப்படியானால் எதைப் பார்த்துத் தேர்வது? இதற்கு விக்கிப்பீடியாவின் அனுபவத்தைப்போலத் தெளிவாக விடை சொல்வது வேறொன்றில்லை. லாபநோக்கமற்ற ஸ்தாபனம் ஒன்று, ஜனங்களின் நன்கொடையைக் கொண்டு, உலகின் மிகப் பெரிய தளங்களில் ஒன்றை இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்தி வருகின்றது. 2003-இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் அதே மென்பொருளில்தான் ஓடுகின்றது.

2001 ஜனவரியில் தொடங்கியபோது அது பெர்ல் மொழியில் எழுதப்பட்ட ஒரு சிறு மென்பொருளில் நடந்தது. ஒரு வருஷத்திற்குள் பாரம் தாங்கவில்லை. ஜெர்மனியில் மாணவராயிருந்த மாக்னஸ் மன்ஸ்கே என்பவர் பி.எச்.பி. மொழியில், தரவுத்தளத்தோடு இணைந்த ஒன்றை எழுதிக் கொடுத்தார். 2002 ஜனவரியில் அது அமலுக்கு வந்தது. அதே வருஷம் ஜூலையில் லீ டேனியல் குரோக்கர் என்பவர் அதனை மீண்டும் திருத்தி எழுதினார். அதுவே பின்னர் மீடியாவிக்கி என்று பெயர் பெற்று, இன்றளவும் நிலைத்திருக்கின்றது.

பி.எச்.பி.யைப் பண்டிதர்கள் அன்றும் மெச்சவில்லை. இன்றும் முழுமனதோடு மெச்சுவதில்லை. 1995-இல் ராஸ்மஸ் லெர்டார்ஃப் என்பவர் தம் சொந்த வலைப்பக்கத்துக்கென்று எழுதி வைத்திருந்த கருவிகளை வெளியிட்டதே அதன் தொடக்கம். திட்டமிட்டு வளர்ந்த மொழியன்று. தேவைக்குத் தேவை ஒட்டுப்போட்டு வளர்ந்தது. ஆனால் மலிவான எந்தச் சர்வரிலும் அது கிடைத்தது. அதைக் கற்றவர் எங்கும் இருந்தனர். உதவ வருகின்ற தொண்டர் ஒருவர் ஒரே மாலையில் அதைப் புரிந்துகொண்டு ஒரு பிழையைத் திருத்திக் கொடுக்க முடிந்தது. தொண்டரை நம்பி நடக்கும் ஸ்தாபனத்துக்கு இதைவிட வேறு தகுதி வேண்டுமோ? மொழியின் அழகைவிட, அதைப் பேசுவோரின் தொகையே அங்கே பயன் தந்தது.

கதையின் அடுத்த பகுதியே முக்கியமானது. ஃபேஸ்புக் கம்பெனியும் பி.எச்.பி.யில் பிறந்ததே. தன் தளத்தின் பாரத்தைத் தாங்குவதற்காக அக்கம்பெனி, பி.எச்.பி. நிரலை மிக வேகமாக ஓட்டும் எச்.எச்.வி.எம். என்ற இயந்திரத்தைச் செய்து, அதை யாவரும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டது. விக்கிமீடியா ஸ்தாபனத்தார் 2014 டிசம்பரில் தங்கள் சர்வர்களை அதற்கு மாற்றிக்கொண்டார்கள். கட்டுரையைத் திருத்திச் சேமிப்பதற்கு ஆகும் நேரம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. யாவருக்கும் மகிழ்ச்சி.

ஆனால் ஃபேஸ்புக்கின் தேவை வேறு. விக்கிப்பீடியாவின் தேவை வேறு. ஃபேஸ்புக் தனக்கென்று ஹாக் என்ற மொழியை வளர்த்துக்கொண்டிருந்தது. 2017 செப்டம்பரில், இனி ஹாக் மொழிக்கே முதலிடம், பி.எச்.பி.யோடு ஒத்துப்போவது தங்கள் இலட்சியமன்று என்று அவ்வியந்திரத்தைச் செய்தோர் அறிவித்துவிட்டனர். அவர்கள்மீது குற்றஞ் சொல்வதற்கில்லை. தம் பணத்தில் தம் காரியத்துக்காகச் செய்தவர், தம் காரியம் பார்த்துக்கொண்டு போனார். அதை நம்பி வந்தவர் நிலை என்ன என்பதுதான் கேள்வி.

விக்கிமீடியாவின் நிலை மோசமாகவில்லை. ஏன்? அவர்கள் புதிய இயந்திரத்தை ஏற்றார்களே தவிர, அதற்கே உரிய புதிய மொழியை ஏற்கவில்லை. மீடியாவிக்கி எங்கும் ஓடக்கூடிய சாதாரண பி.எச்.பி.யாகவே எழுதப்பட்டு வந்தது. பிறர் அதைத் தத்தம் சர்வரில் நடத்துகின்றனர் என்பதை அவர்கள் மறக்கவில்லை. இதற்கிடையில் 2015 டிசம்பரில் வெளிவந்த பி.எச்.பி. ஏழாம் பதிப்பு, தானே பெரிதும் வேகம் பெற்றிருந்தது. 2019 செப்டம்பரில் அவர்கள் எச்.எச்.வி.எம்.-ஐ முற்றிலும் விட்டு, பொதுவான பி.எச்.பி.க்கே திரும்பிவிட்டார்கள். போக வழி தெரிந்ததுபோலவே திரும்பி வரவும் வழி வைத்திருந்தார்கள். ஹாக் மொழியின் வசதிகளில் மயங்கித் தங்கள் நிரலை அதற்கு மாற்றியிருந்தால், அத்தனை வருஷ உழைப்பும் வேறொரு கம்பெனியின் திண்ணையில் போய் உட்கார்ந்திருக்கும்.

இதிலிருந்து பெறும் பாடம் ஒன்று: பிறர் செய்து தரும் வேகத்தை எடுத்துக்கொள்ளலாம், திரும்பும் வழியை மட்டும் அடைத்துக்கொள்ளலாகாது.

உரிமம் என்னும் சிறு காகிதம்

சட்டகம் ஒவ்வொன்றோடும் உரிமப் பத்திரம் ஒன்று வருகின்றது. அதைப் படிப்போர் ஆயிரத்தில் ஒருவர். இலவசம் என்ற சொல்லைக் கண்டவுடன் மற்றவர் திருப்தியடைந்துவிடுகின்றனர். இலவசமாகக் கிடைப்பது வேறு, நம் உரிமையாவது வேறு என்பதை 2017-ஆம் ஆண்டு உலகத்துக்கு உணர்த்தியது.

உலாவிப் பக்கத்தின் வேலைக்கு ஃபேஸ்புக் 2013-இல் வெளியிட்ட ரியாக்ட் என்ற தொகுதி மிகுந்த பிரபலம் அடைந்திருந்தது. பின்னர் அதன் உரிமத்தோடு காப்புரிமை பற்றிய ஷரத்து ஒன்று இணைந்திருந்தது. அதன் சாரம் என்னவெனில், ரியாக்டைப் பயன்படுத்துவோர் காப்புரிமை விஷயமாக ஃபேஸ்புக்கின்மீது வழக்குத் தொடுத்தால், ரியாக்ட் சம்பந்தமாக அவர்களுக்கு அளிக்கப்பட்ட காப்புரிமை அனுமதி ரத்தாகிவிடும் என்பதாகும். 2017 ஜூலையில் அப்பாச்சி ஸ்தாபனம் அத்தகைய உரிமமுள்ள பொருள்களைத் தன் திட்டங்களில் சேர்க்கலாகாது என்று தடுத்தது. செப்டம்பரில் வேர்ட்பிரஸ் தலைவர் மேட் முல்லன்வெக், தாங்களும் ரியாக்டைக் கைவிடப்போவதாக அறிவித்தார். சில நாட்களுக்குள் ஃபேஸ்புக் இறங்கி வந்தது. அம்மாதமே ரியாக்ட், எம்.ஐ.டி. என்று சொல்லப்படும் எளிய உரிமத்துக்கு மாறியது.

பெரிய ஸ்தாபனங்கள் ஒன்றுசேர்ந்து மறுத்ததால் நியாயம் கிடைத்தது. தனியொரு சங்கம் மறுத்திருந்தால் யார் காது கொடுத்திருப்பார்? ஆதலால்தான், ஒரே கம்பெனியின் விருப்பத்தில் தொங்கும் சட்டகத்தைவிட, பலர் கூடி நடத்தும் அறநிலையமோ தரச் சபையோ பின்னால் நிற்கும் சட்டகம், மற்றவை ஒத்திருக்கும்போது, மேலானது என்கின்றோம்.

ஆயுளும் பராமரிப்பும்

கூகிள் கம்பெனி 2010-இல் வெளியிட்ட ஆங்குலர் ஜே.எஸ். என்ற சட்டகத்தை நம்பி எண்ணிறந்த தளங்கள் எழுதப்பட்டன. 2016 செப்டம்பரில் அதே பெயரின் இரண்டாம் பதிப்பு வந்தது. பெயர் ஒன்றே, உள்ளமைப்பு வேறு. பழைய தளத்தை அப்படியே புதியதில் ஓட்ட முடியாது. பெரும்பாலும் மீண்டும் எழுத வேண்டியதே. பழைய பதிப்புக்கு அளிக்கப்பட்ட ஆதரவு 2021 டிசம்பரோடு முடிந்தது.

இதற்கு மாறாக ஜாங்கோவைப் பாருங்கள். பத்திரிகை வாசகர்களுக்கு இதில் சுவையான விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவில் கான்சஸ் மாகாணத்து லாரன்ஸ் என்ற ஊரில் நடக்கும் ஓர் உள்ளூர்த் தினசரியின் காரியாலயத்திலேதான் அது 2003-இல் பிறந்தது. ஆசிரியர் குழு காலையில் கேட்டதை மாலைக்குள் செய்து கொடுக்க வேண்டிய நிர்ப்பந்தமே அதன் தாய். 2005-இல் பொதுவாக வெளியிடப்பட்டது. 2008-இல் தனி அறநிலையம் ஒன்று அதற்கு ஏற்பட்டது. இன்று அதன் நீண்டகாலப் பதிப்பு ஒவ்வொன்றும் எந்தத் தேதி வரையில் பாதுகாப்புத் திருத்தம் பெறும் என்று முன்கூட்டியே அறிவிக்கப்படுகின்றது. அக்காலம் ஏறத்தாழ மூன்று வருஷம். கமிட்டிக்கு வேண்டுவது இத்தகைய பஞ்சாங்கமே. எப்பொழுது செலவு வரும் என்று தெரிந்தால் பட்ஜெட்டில் ஒதுக்கி வைக்கலாமன்றோ?

பராமரிப்பு என்பது பேச்சுக்குச் சொல்லும் சொல்லன்று. ஈக்விஃபாக்ஸ் என்பது அமெரிக்க ஜனங்களின் கடன் வரலாற்றைத் தொகுத்து வைத்திருக்கும் கம்பெனி. அதன் தளம் ஒன்று அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்னும் ஜாவா சட்டகத்தின்மேல் நின்றது. அச்சட்டகத்தில் ஓட்டை ஒன்று கண்டுபிடிக்கப்பட்டு, 2017 மார்ச்சிலேயே அதற்கான திருத்தமும் வெளிவந்துவிட்டது. கம்பெனி அதைப் போடவில்லை. மே மாதத்தில் கள்வர் அந்த ஓட்டை வழியே நுழைந்தனர். ஜூலை வரையில் உள்ளேயே இருந்தனர். ஏறத்தாழ 14 கோடியே 70 லட்சம் பேரின் விவரங்கள் பறிபோயின. 2019-இல் குறைந்தபட்சம் 57 கோடியே 50 லட்சம் டாலர் கொடுப்பதாகக் கம்பெனி ஒப்புக்கொண்டு வழக்கைத் தீர்த்தது. சட்டகத்தின்மேல் குற்றம் இல்லை. திருத்தம் வந்ததும் அதைப் போட ஆள் வைக்காததே குற்றம். ஆகவே, தளம் எழுத ஒதுக்கும் பணத்தோடு, அதைக் காப்பதற்கென்று வருஷந்தோறும் ஒரு தொகை ஒதுக்காத கமிட்டி, தன் அங்கத்தினரின் விவரங்களைத் தெருவில் வைத்ததற்கு ஒப்பாகும்.

நாம் நேரே தேர்ந்தெடுக்காத பொருள்களும் நம் வீட்டுக்குள் வந்துவிடுகின்றன என்பதையும் மறத்தலாகாது. 2016 மார்ச்சில், லெஃப்ட்-பேட் என்ற பதினொரே வரி நிரலை அதை எழுதியவர் பொதுக் களஞ்சியத்திலிருந்து எடுத்துவிட்டார். அவ்வளவே. அதை ஒன்றின் வழியாய் ஒன்று நம்பியிருந்த பெரிய திட்டங்கள் பல, சில மணி நேரம் கட்ட முடியாமல் நின்றன. சட்டகம் எத்தனை பொருள்களை வெளியிலிருந்து வரவழைக்கின்றது என்று எண்ணிப் பார்ப்பதும் தேர்வின் ஒரு பகுதியே.

ஆள் உண்டா?

மொழி எவ்வளவு நல்லதாயினும் அதைப் பேச ஆள் வேண்டும். 2020 ஏப்ரலில், தொற்றுநோயால் வேலையிழந்தோர் உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க, அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாகாணத்து அரசாங்கக் கணினிகள் திணறின. 1959-இல் தோன்றிய கோபால் மொழியில் எழுதப்பட்ட பழைய அமைப்பு அது. அம்மொழி தெரிந்தோர் தொண்டுக்கு முன்வர வேண்டுமென்று கவர்னர் ஃபில் மர்ஃபி பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். கோபால் கெட்ட மொழி அன்று. வங்கிகளில் இன்றும் உழைத்து வருகின்றது. அதைக் கற்ற தலைமுறை ஓய்வு பெற்றுக்கொண்டிருந்த காலத்தில், அடுத்த தலைமுறையைத் தயார் செய்யாததே அங்கே நேர்ந்த குறை.

பழைய மொழிக்கு நேர்ந்தது மிகப் புதிய மொழிக்கும் நேரலாம். நேற்றுப் பிறந்த மொழியில் வல்லவர் ஊரில் இருவர் இருப்பார். இருவருக்கும் வெளியூரில் பெரிய சம்பளம் காத்திருக்கும். நம் ஊர்க் கல்லூரியில் கற்றுத் தேறும் வாலிபர் எந்த மொழியை அறிந்திருக்கின்றார், இப்போதுள்ளவர் போய்விட்டால் ஒரு மாதத்தில் வேறொருவர் கிடைப்பாரா என்று பார்ப்பது, எல்லாப் புகழுரைகளையும்விடப் பயன் தரும். இயந்திரமே நிரலை எழுதித் தருகின்ற காலம் வந்துவிட்டதே, இனி மொழி எதுவானால் என்ன என்று கேட்போரும் உண்டு. இயந்திரம் எழுதலாம், எழுதியதைப் படித்து இது சரி, இது தவறு என்று சொல்லிக் கையெழுத்திடுபவர் மனிதரே. அவர் அறிந்த மொழியில் அது இருக்க வேண்டாமா?

ஆட்சேபங்கள்

“இலவசமாகக் கிடைப்பதற்குப் பொறுப்பாளி யார்? பணம் கொடுத்து வாங்கினால்தானே கேட்க முடியும்?” என்பது ஓர் ஆட்சேபம். பணம் கொடுத்துப் பெறுவது சேவையாக இருக்கட்டும். அதற்கு நாம் விரோதியல்லோம். ஆனால் மூல நிரல் நம் கையில் இருந்தால், சேவை செய்பவர் சரியில்லாதபோது வேறொருவரை வைத்துக்கொள்ளலாம். மூடிய பெட்டியாயின், பெட்டிக்காரர் சொன்னதே விலை. மைக்ரோசாஃப்டின் சில்வர்லைட்டை நம்பியவர்க்கு 2021 அக்டோபரிலும், அடோபின் ஃபிளாஷை நம்பியவர்க்கு 2020 டிசம்பரிலும் கதவு மூடப்பட்டது. பணம் கொடுத்தவர், கொடாதவர் என்ற பேதம் அங்கே பார்க்கப்படவில்லை.

திறந்த மூலம் பெரிய காரியத்துக்கு ஆகாது என்பது மற்றோர் ஆட்சேபம். பிரிட்டிஷ் அரசாங்கம் தன் இலாகாக்களுக்குப் பொதுவாக 2012-இல் திறந்த தளம் ரெயில்ஸின்மேல் கட்டப்பட்டது. அதன் நிரலையும் உலகம் பார்க்கத் திறந்து வைத்திருக்கின்றனர். இந்திய அரசாங்கமும் 2015-இல் வெளியிட்ட கொள்கையில், மத்திய சர்க்காரின் மின்னாளுகைத் திட்டங்களில் திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை தர வேண்டுமென்றும், அதைத் தவிர்ப்பதாயின் காரணம் காட்ட வேண்டுமென்றும் விதித்திருக்கின்றது. கொள்கை காகிதத்தில் இருக்கின்றது. டெண்டர் அழைக்கும்போது அதை எடுத்துக்காட்டிக் கேட்பது பொதுவாழ்வில் உள்ளோர் கடமை.

கேட்க வேண்டிய கேள்விகள்

இவ்வாசகர்களில் பலர் சங்கங்களிலும் சபைகளிலும் பொறுப்பு வகிப்பவர். அடுத்த முறை இத்தகைய ஒப்பந்தம் மேஜைக்கு வரும்போது, கையெழுத்திடுவதற்கு முன் பின்வருவனவற்றைக் கேட்பாராக.

முதலாவது, நமக்கு வேண்டியது உண்மையில் என்ன? அறிவிப்பும் முகவரியும் மட்டுமாயின் எந்தச் சட்டகமும் வேண்டாம். எளிய பக்கங்கள் சில போதும், அவை பத்து வருஷம் பழுதின்றி நிற்கும். இரண்டாவது, இம்மொழிக்கும் சட்டகத்துக்கும் உரிமையாளர் யார். உரிமத்தில் என்ன எழுதியிருக்கின்றது? மூன்றாவது, இப்பதிப்புக்கு எந்தத் தேதி வரையில் பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும். அதைப் போடப்போகின்றவர் யார்? நான்காவது, இதை எழுதியவர் நாளை இல்லாவிட்டால் நம் ஜில்லாவில் இதைத் தொட வல்லவர் எத்தனை பேர்? ஐந்தாவது, எழுதி முடித்த மூல நிரலும், தரவுத்தளத்திலுள்ள விவரங்களும், அவற்றைத் திறக்கும் கடவுச்சொற்களும் நம் கையில் ஒப்படைக்கப்படுமா? ஆறாவது, இதை விட்டு வேறொன்றுக்குப் போக வேண்டுமானால் வழி என்ன?

ஐந்தாவது கேள்வியை ஒப்பந்தக்காரர் தாமே எழுதி வைத்திருக்கும் சொந்தச் சட்டகம் விஷயத்தில் அழுத்திக் கேட்க வேண்டும். “எங்களிடம் எல்லாம் தயாராக இருக்கின்றது, பாதி விலைக்குத் தருகின்றோம்” என்று அவர் சொல்லலாம். அவர் ஒருவருக்கே தெரிந்த சட்டகத்தின்மேல் கட்டிய வீட்டுக்கு வாடகை அவர் வைத்ததே. மீதிப் பாதியைப் பின்னால் வட்டியோடு வாங்கிக்கொள்ளுவார்.

குறிப்பாக எதையாவது சொல்ல வேண்டுமென்றால் இவ்வளவு சொல்லலாம். சந்தா, மனு, ரசீது, செய்தி என்ற அளவில் நிற்கும் சாமானியத் தளங்களுக்கு பி.எச்.பி.யோ பைதானோ, அவற்றின் பழகிய சட்டகங்களோடு, தாராளமாகப் போதும். பெரிய கணக்குவழக்கும் பல இலாகாக்களும் சேர்ந்த காரியத்துக்கு ஜாவாவும் சி ஷார்ப்பும் நெடுங்காலம் உழைத்துப் பெயர் வாங்கியவை. ஒரே சமயத்தில் ஆயிரக்கணக்கானோர் இடைவிடாமல் செய்தி பரிமாறும் காரியமாயின், சர்வரில் ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட் முறை போன்றவை பொருந்தும். ஆனால் இவற்றுள் எது என்பதைவிட, மேற்கண்ட ஆறு கேள்விகளுக்கும் விடை கிடைத்ததா என்பதே பெரிது. விடை கிடைத்தால் நடுத்தரமான மொழியும் நன்கு உழைக்கும். கிடைக்காவிட்டால் சிறந்த மொழியும் கைவிடும்.

மொழிகள் வரும், போகும். இன்று கொண்டாடப்படுவது பத்து வருஷத்தில் பழையதாகும். நிலைத்து நிற்க வேண்டியவை ஜனங்கள் நம்பிக் கொடுத்த விவரங்களும், அவர்களுக்கு நாம் செய்யக் கடமைப்பட்ட சேவையுமே. அவற்றை எந்த ஒரு கம்பெனியின், எந்த ஒரு மனிதரின் தயவிலும் விட்டுவைக்க நமக்கு உரிமையில்லை. கையெழுத்திடும் பேனா கமிட்டியின் கையில் இருக்கின்றது. அதை எடுப்பதற்கு முன் கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். வாயால் சொன்ன விடையை ஒப்பந்தத்தில் எழுத்தாகவும் வாங்கிவிடுங்கள்.